அண்ணையின் முடிச்சு

முகமூடியைத் தனியே கட்டிக்கொள்ள முடியாது. பின்னந்தலையில், நாடா கோக்கச் சப்பாத்தில் இருப்பதுபோல, இரண்டு வரிசையாகத் துளைகள் இருக்கும். கயிற்றை அவற்றுக்குள்ளால் குறுக்கும் மறுக்குமாகக் கோத்து, இறுக்கி, பிடரியில் முடிய வேண்டும். அதற்கு இன்னொருவருடைய இரண்டு கைகள் தேவை. பன்னிரண்டு வருடங்களாக என்னுடைய முகமூடியைக் கட்டியவர் ஒரே ஆள்தான். அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், எற்ரோபிக்கோ பகுதியில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று மெத்தை தூக்கியவர்.

எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். நான் செய்த பிழைக்கு மேற்பார்வையாளர் அவரை ஏசுவார். அண்ணை பிந்தி வந்தால் என்னைக் கூப்பிட்டு மணிக்கூட்டைக் காட்டுவார். பெரிய மெத்தைகளை நாங்கள் பேசாமலேயே தூக்குவோம். அவர் முழங்காலை மடிக்கும்போது நானும் மடிப்பேன். ஒருநாள் காது கசங்கிப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பஞ்சு விரிப்பு வாங்க வந்தார். ஒரு காலத்தில் மல்யுத்தக்காரர். எங்களைக் கண்ட காலத்தில் ஞாயிறு மத்தியானங்களில் மண்டபங்களை வாடகைக்கு எடுத்து மல்யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். மோதும் மேடையான ரிங்கின் பலகைகளுக்கு மேலே போட அவருக்குப் பஞ்சு தேவைப்பட்டது. அன்று அவர் பஞ்சைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"மல்யுத்தம் பழக விருப்பமோ எண்டு கேக்கிறார்" என்றார் அண்ணை.

"ஆரோட? உங்களோடயோ?"

"இல்லையடா. ரெண்டு பேரும் ஒரு பக்கமாம். சோடியா."

"எல்லாரும் முகத்தைப் பாப்பினமே அண்ணை?"

"மூடிக் கட்டித்தான் விடுவாராம். உன்ரை மூஞ்சையைப் பாத்திட்டுத்தான் மனிசன் அப்பிடிச் சொல்லுது."

அதனால்தான் நான் சம்மதித்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் கதவுக்குப் பக்கத்தில் இருந்து பழகியவன் நான். ஒரு கலியாண வீட்டில் மேடையேறி அட்சதை போடவே எனக்குக் கால் கூசும். முகத்தை மூடிக்கொண்டு இருநூறு பேர் முன்னால் நிற்கலாம் என்றபோது, யாரோ எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

ரெக்ஸ்டேலில் கிழவர் ஒரு சரக்கறையை எடுத்து வைத்திருந்தார். அங்கேதான் பழகினோம். முதல் மூன்று மாதம் விழுவதை மட்டுமே பழக்கினார். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் ஒட்ட வேண்டும், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையில் பட வேண்டும், இரண்டு கையாலும் பலகையில் அடித்து அதிர்ச்சியை வெளியே விட வேண்டும். யார் வெல்வது என்பது முன்பே பேசி முடிவானது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விழுவதில் பொய் இல்லை. பலகை பலகைதான்.

சோடி மல்யுத்தத்தில் ஒருவர் உள்ளே மோதும்போது மற்றவர் தன் மூலையில், கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். கையில் கை தட்டினால்தான் மாறலாம். எங்களுக்குக் கெட்டவர் வேடம். கள்ளத்தனமாக மாறுவதுதான் எங்கள் வேலை. கறுப்பு முகமூடி, கறுப்பு உடுப்பு, கறுப்புச் சப்பாத்து. எங்களில் ஒருவர் களைத்துப்போனால், நடுவர் மறுபக்கம் பார்க்கும் நேரம் பார்த்து உருண்டு வெளியே விழுவார். ரிங்கைச் சுற்றித் தொங்கும் துணியைத் தூக்கிக்கொண்டு கீழே நுழைந்துவிடுவார். அங்கே முன்பே மற்றவர் பதுங்கியிருப்பார். அவர் மறுபக்கத்தால் மேலே போவார். புதுத் தெம்போடு எழும்பும் ஆளைப் பார்த்துச் சனம் ஊளையிடும்.

ரிங்கின் கீழே இருந்தவர்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். பலகையைத் தாங்கும் இரும்பு வளைகள், மடித்து வைத்த கதிரைகள், தூசி. வெளியே இருநூறு பேர் கத்துவது தூரத்து மழைபோலக் கேட்கும். மேலே ஒருவர் விழுந்தால் பலகை தலைக்கு மேலே வெடிக்கும். கண்ணுக்கு முன்னால் உள்ள கையே தெரியாது. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடும் என்பதால் பேசவும் முடியாது. அதனால் அண்ணை ஒரு வழி வைத்தார். உள்ளே வருகிறவன் கையை நீட்டி, மற்றவனுடைய கையைத் தேடிப் பிடித்து ஒருமுறை அழுத்துவான். "ஏலாது, நீ போறியோ?" என்று அதற்குப் பொருள். மற்றவன் இரண்டுமுறை அழுத்துவான். "நான் போறன், நீ இரு." இரண்டு அழுத்தம் கிடைத்தவன் அசையக் கூடாது. அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் ஒருமுறை முன்வரிசையில் எங்கள் ஊர் அன்ரி ஒருவர் இருந்தார். பேரப்பிள்ளையோடு வந்தவர்போல. கறுப்பு முகமூடிக்குள் தமிழர்கள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"டேய் அறுவாரே, அந்தப் பிள்ளையை விடுங்கோடா! இவன் அவனில்லையடா! அவன் கீழ பூந்திட்டான், இவன் வேற ஆள்! உந்த நடுவருக்குக் கண் பொட்டையோ?"

ஒவ்வொரு முறையும் அவர் கண்டுபிடித்தார். எங்களை முதலில் வேலைக்கு எடுத்த கிழவராலேயே யார் யார் என்று சொல்ல முடிந்ததில்லை. கை தட்ட மூலைக்குப் போனபோது அண்ணை என் காதுக்குள், "மனிசி காசு குடுத்த ரிக்கற்றை வீணாக்கேல்லை" என்றார். முகமூடிக்குள் சிரித்தால் யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி.

முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிராளிகள் எங்கள் முகமூடியைப் பிடித்து இழுப்பதும் விளையாட்டில் ஒரு பங்கு. அதனால் அண்ணை எனக்கு ஒரு தட்டை முடிச்சுப் போடுவார். மெத்தைக் கட்டு கட்டிப் பழகிய கை. புடைத்துக்கொண்டு நிற்காது, தடவினால் முடிச்சு இருப்பதே தெரியாது. இரண்டு நுனிகளில் ஒன்றை இழுத்தால் முழுவதும் ஒரே இழுவையில் கழன்றுவிடும். மற்றதை இழுத்தால் இன்னும் இறுகும். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"எனக்கும் சொல்லித் தாங்கோவன் அண்ணை."

"சொல்லித் தந்தா நீ தனியக் கட்டிக்கொண்டு போயிடுவாய். பிறகு நான் ஏன்?"

அவருக்கு நான் கட்டியது சாதாரண இரட்டை முடிச்சு. கொட்டைப்பாக்கு மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பன்னிரண்டாவது வருடம், பார்க்டேலில் ஒரு தேவாலய மண்டபத்தின் உடுப்பு மாற்றும் அறையில், என் பிடரியில் முடிச்சு ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். இன்னும் நாங்கள் மேலே போகவேயில்லை. தொட்டுப் பார்த்தேன். முடிச்சு கோணலாக இருந்தது. ஒரு நுனி விரல் நீளத்துக்குத் தொங்கியது. அவர் பல்லால் இழுத்து முடிந்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ரிங்கின் கீழே அவர் என் கையை அழுத்தியது இடது கையால். அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் அல்ல.

பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் அண்ணை வீட்டுக் குசினியில் அவருடைய மனைவி, அண்ணி, சொன்னார். அண்ணையின் வலது கையில் இருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்து, நாங்கள் இருவரும் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"கழுத்தெலும்பு நரம்பை நெரிக்குதாம் தம்பி. அதுதான் கை விறைக்குது. இனி ஒருக்கா தலை அடிபட விழுந்தா, கை மட்டுமில்லை, காலும் போகுமாம். டொக்ரர் படம் எடுத்துக் காட்டினவர். இவர் அதைப் பாத்திட்டு, 'வடிவாத்தான் இருக்கு' எண்டு பகிடி விடுறார்."

"ஒப்பரேசன் செய்யத்தானே போறன்" என்றார் அண்ணை மேசையில் இருந்து. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம். பன்னிரண்டு வருசத்தில முதல் தரமா அண்டைய கடைசி ஆட்டம், பெரிய ஆட்டம், எங்கடை. போஸ்ரரில எங்கடை படம் மட்டும்தான். அதில நிண்டிட்டு விடுறன்."

"நிண்டாக் காணும். விழக் கூடாது" என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இவர் என்ரை சொல்லுக் கேக்கமாட்டார். உங்களைத்தான் நம்பிறன். இவரை விழ விடாதேங்கோ."

"விழ விடமாட்டன் அண்ணி" என்றேன். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே வாக்கு அதுதான்.

கிழவருக்குத் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். அதனால் அவருக்குச் சொல்லவில்லை. எல்லா விழுகைகளையும் நானே விழுவது என்று முடிவு செய்தோம். நான் கை தட்டினால் அண்ணை உள்ளே வருவார், இரண்டு எட்டு வைப்பார், உருண்டு வெளியே போய்க் கீழே நுழைவார். கீழே இருக்கும் நான் மேலே வருவேன். அவர் சத்தமில்லாமல் எங்கள் மூலைக்குப் போய் நின்றுகொள்வார். சனம் இரண்டு பேர் மோதுவதாக நினைக்கும். கடைசியில் நாங்கள் தோற்க வேண்டும். எதிர்ச் சோடி எங்களில் ஒருவரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடரி பட இறக்கும். அதை வாங்குவதும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பார்க்டேல் மண்டபம். அண்ணை என் முகமூடியைப் பல்லால் கட்டினார். ஒரு நுனி நீளமாகத் தொங்கியது. நான் அவருக்கு என் கொட்டைப்பாக்கு முடிச்சைப் போட்டேன். அவருடைய தோளில் நோவெண்ணெய் மணத்தது.

முதலில் எல்லாம் பேசியபடிதான் நடந்தது. இரண்டுமுறை மாறினோம். இரண்டுமுறையும் இருட்டில் அவருடைய இடது கை என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தியது. நான் இரண்டுமுறை அழுத்திவிட்டு மேலே போனேன். அதன் பிறகு நான் மூலைக் கம்பத்தில் தலை அடிபட்டு விழுந்தேன். அது பேசி வைத்தது அல்ல. காதுக்குள் கூவியது. உருண்டு வெளியே விழுந்து, துணியைத் தூக்கிக் கீழே நுழைந்தேன். பத்து மூச்சு எடுத்துவிட்டு நானே மறுபக்கத்தால் போகலாம் என்று எண்ணம். அண்ணை மூலையில் நிற்கிறார். கீழே யாரும் இல்லை.

பழக்க தோசத்தில் கையை நீட்டினேன்.

ஒரு கை அதைப் பிடித்தது.

பன்னிரண்டு வருடப் பழக்கம் யோசிக்க விடாது. நான் ஒருமுறை அழுத்தினேன். அது இரண்டுமுறை அழுத்தியது. உறுதியான, எலும்பு நோகிற அழுத்தம். விரலடியில் மெத்தை தூக்கிக் காய்த்த காய் என் கையில் உரசியது. நோவெண்ணெய் மணம் என்னைக் கடந்து போனது. மறுபக்கத்தில் துணி தூக்கப்பட்டு வெளிச்சம் விழுந்தது. ஒரு கறுப்புச் சப்பாத்து தெரிந்தது. துணி விழுந்தது.

இரண்டு அழுத்தம் கிடைத்தவன் அசையக் கூடாது. நான் அசையவில்லை.

மேலே பலகை வெடித்தது. சனம் கத்தியது. நான் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். நாலாவது மூச்சில்தான் விளங்கியது. என்னைப் பிடித்தது வலது கை. முதலில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அண்ணையின் கை திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடிதான் மற்றது உறைத்தது. அவர் மேலே போய்விட்டார். மேலே இனி மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தக் கடைசி விழுகை.

"அண்ணை, வேண்டாம்!" என்று கத்தினேன். ரிங்கின் கீழே நான் பேசியது அதுதான் முதல் தரம். வளைகளில் தலையை இடித்துக்கொண்டு எங்கள் மூலையை நோக்கித் தவழ்ந்தேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பலகை நடுவில் வளைந்து என் முதுகைத் தொட்டது. தூசி கண்ணுக்குள் கொட்டியது. பிறகு நடுவரின் உள்ளங்கை. ஒன்று. இரண்டு. மூன்று.

துணியைத் தூக்கினேன். என் முகத்துக்கு நேரே இரண்டு கறுப்புச் சப்பாத்துகள். அண்ணை ரிங்கின் விளிம்பில் நின்றார். இடது கையால் மூலைக் கயிற்றைப் பிடித்திருந்தார். வலது கை தொங்கியது. உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணுக்காலைத் தொட்டேன். குனிந்து பார்த்தார். முகமூடியின் ஓட்டைகளுக்குள் அவருடைய கண்கள் என்னைப் பார்த்தன, ரிங்கைப் பார்த்தன, திரும்பவும் என்னைப் பார்த்தன.

"நீ அங்கையெல்லோ கிடக்கிறாய்" என்றார்.

நான் எழும்பி நின்று பார்த்தபோது உள்ளே எதிர்ச் சோடி வெற்றிப் பட்டிகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. நடுவர் அவர்களுடைய கையை உயர்த்திக்கொண்டிருந்தார். விழுந்தவர் யாராக இருந்தாலும் மறுபக்கத்தால் உருண்டு போய்விட்டார். அந்தப் பக்கத்துத் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உடுப்பு மாற்றும் அறையில் கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார். இத்தனை வருடத்தில் நான் விழுந்த மிகச் சிறந்த விழுகை அதுதானாம். எதிர்ச் சோடியில் உயரமானவன் வந்து என் கையைக் குலுக்கி ஏதோ சொன்னான். அண்ணை அதைத் தமிழில் சொன்னார். மெதுவாகச் சொன்னார்.

"தூக்கேக்கை பாரமே தெரியேல்லையாம். வெறும் சட்டையைத் தூக்கின மாதிரி இருந்ததாம். அவ்வளவு நல்லா ஒத்துழைச்சியாம்."

என் தலையில் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. தலையில் அடிபட்டவன் சொல்வதை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. மேலே போய் விழுந்துவிட்டு மறந்துபோனேன் என்று எனக்கு நானே சொன்னேன். அண்ணையும் அப்படித்தான் சொன்னார். வான் வண்டியில் திரும்பிப் போகும்போது இரண்டு பேரும் அதையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போனோம்.

இரண்டு கிழமை கழித்து ரசிகர் ஒருவர் எடுத்த வீடியோவைக் கிழவர் அனுப்பினார். அண்ணை வீட்டின் நிலக்கீழ் அறையான பேஸ்மென்ரில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்தோம். என் தலை கம்பத்தில் அடிபடுகிறது. நான் கீழே நுழைகிறேன். மறுபக்கத்தால் கறுப்பு முகமூடி ஒன்று வருகிறது. மூலையில் அண்ணை நிற்கிறார். எதிர்ச் சோடி வந்தவரைத் தலைகீழாகத் தூக்குகிறது. அவருடைய பின்னந்தலை கமராவுக்கு நேரே திரும்புகிறது.

அண்ணை இடது பெருவிரலால் படத்தை நிறுத்தினார்.

அதில் தொங்கும் நுனி இல்லை. கொட்டைப்பாக்கும் இல்லை. கயிறு தட்டையாக, தோலோடு ஒட்டிக்கொண்டு, முடிச்சு இருப்பதே தெரியாமல் இருந்தது.

மேலே அண்ணி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

"அது நான் கட்டினது" என்றார் அண்ணை. "கை நல்லா இருக்கேக்கை."

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. நடந்தார், கார் ஓட்டினார், நித்திரை வந்தது. வலது கை மட்டும் முழுதாக வரவில்லை. கைப் பயிற்சிக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு சிவப்புப் பஞ்சுப் பந்து கொடுத்திருந்தார்கள். அதை அழுத்த வேண்டும். அவரால் அதில் ஒரு பள்ளம் விழுத்தக்கூட முடியவில்லை. கொஞ்ச நாள் போக அதை மேசையில் போட்டுவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள், "என்னை ஒருக்கா ரெக்ஸ்டேலுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கிழவரிடம் சரக்கறைக் கதவின் திறப்பு வாங்கினோம். பகல் பதினொரு மணி. பழகும் ரிங் சரக்கறையின் நடுவில் நின்றது. மண்டபங்களுக்குக் கழற்றிக் கொண்டுபோவதும் அதே ரிங்தான், அதே பலகைகள்தான். அண்ணை முழங்காலில் இருந்து, துணியைத் தூக்கி, உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். கால்மணி நேரம் இருக்கும். ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தார். முழங்கால் எல்லாம் தூசி. முகத்தைக் காட்டாமல் நேரே வான் வண்டிக்குப் போனார்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"இருக்குது."

"என்ன அண்ணை?"

"பிடிச்சுது. ஒருக்கா அமத்திச்சுது." அவர் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்தார். "ஏலாது எண்டுதானே அதுக்கு அர்த்தம். நீ போறியோ எண்டு கேக்குது. நான் திருப்பி அமத்தப் பாத்தன். என்ரை கை அசையேல்லை. அது திருப்பியும் ஒருக்கா அமத்திச்சுது. பிறகும் ஒருக்கா. கேட்டுக்கொண்டே இருக்குதடா."

"இடக்கையால அமத்தியிருக்கலாமே?"

"இடக்கையை அதுக்குத் தெரியாது. நீட்டிப் பாத்தன், வாங்கேல்லை."

அன்று தொடக்கம் அவர் பந்தை விடவில்லை. கார் ஓட்டும்போதும், ரீவி பார்க்கும்போதும், சாப்பிடும்போதும் கூட. மார்கழி மாதம் பந்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. பயிற்சி தருகிற பெண்ணுக்குச் சரியான சந்தோசம். அண்ணிக்கும் சந்தோசம். "பாருங்கோ தம்பி, எவ்வளவு முயற்சி எண்டு" என்று என்னிடம் காட்டினார். நான் சிரித்தேன். ஆனால் எதற்காக அந்த முயற்சி என்று எனக்குத் தெரியும். இரண்டுமுறை அழுத்துகிறவன் மேலே போக வேண்டும். அண்ணை சட்டத்தை மீறுகிற ஆள் அல்ல. அந்தக் கைக்கு அவர் பதில் சொன்னால், அதே ரிங்குக்குள் போவார். அங்கே போனால் விழுவார். டொக்ரர் ஒப்பரேசனுக்குப் பிறகும் அதையேதான் சொல்லியிருந்தார். விழக் கூடாது.

அண்ணியிடம் சொல்ல முடியவில்லை. எதை என்று சொல்வது?

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கிழவரிடம் திறப்பை வாங்கிக்கொண்டு நான் தனியே ரெக்ஸ்டேலுக்குப் போனேன். உடுப்பையும் சப்பாத்தையும் போட்டேன். முகமூடியைப் போட்டுக் கையைப் பின்னால் வளைத்து ஏதோ ஒரு மாதிரிச் சுற்றி விட்டேன். கயிறு தளர்ந்துதான் கிடந்தது. ஏன் முகமூடி போட்டேன் என்று கேட்டால், வெறும் முகத்தோடு அங்கே போக எனக்குக் கூச்சமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே யாரும் இல்லாவிட்டாலும்.

கீழே நுழைந்து படுத்தேன். வழக்கமான தூசி மணம். பாரம் ஏற்றும் கதவின் கீழ் இடுக்கால் குளிர் வந்தது. கையை நீட்டினேன். ஒன்றும் இல்லை. நீட்டியபடியே வைத்திருந்தேன். பிடரியில் கயிறு இழுபட்டது. ஏதோ கம்பியில் சிக்கிவிட்டது என்று நினைத்துத் தலையை அசைக்காமல் கிடந்தேன். மெல்ல மெல்ல முகமூடி முகத்தில் இறுகியது. மூக்கில் நோவெண்ணெய் மணத்தது.

பிறகு கை வந்தது. முன்பைப்போல இல்லை. களைத்த கை. விரல்கள் என் விரல்களைத் தேடிக் கோத்துக்கொண்டன. ஒருமுறை அழுத்தியது.

அண்ணைக்கும் எனக்கும் ஒரே உயரம், ஒரே தோள், ஒரே காய். பன்னிரண்டு வருடம் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு பேர். அதை நம்பித்தான் வந்திருந்தேன். இரண்டுமுறை அழுத்தினேன்.

அது விட்டது.

மறுபக்கத்தால் வெளியே வந்து ரிங்குக்குள் ஏறினேன். சரக்கறை வெறுமையாக இருந்தது. சுவரில் சாய்த்து வைத்த கதிரைகள் மட்டும். எனக்கு எதிரே யாரும் இல்லை, ஆனால் மேலே வந்தவன் விழ வேண்டும். நாடியை நெஞ்சில் ஒட்டினேன். குதித்து, காலை மேலே எறிந்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்தேன். இரண்டு கையாலும் பலகையை அடித்தேன். அந்தச் சத்தம் தகரக் கூரையில் போய்ப் பட்டுத் திரும்பியது. ஒரு மனிதருக்கும் காட்டாமல் நான் விழுந்த விழுகை அது ஒன்றுதான். கூரையைப் பார்த்துக்கொண்டு கனநேரம் கிடந்தேன். கீழே ஒரு அசைவும் இல்லை. இறங்கித் துணியைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். இரும்பும் தூசியும்தான்.

முகமூடியைக் கழற்றப் பார்த்தேன். கழலவில்லை. பிடரியைத் தடவினேன். முடிச்சு கையில் படவில்லை. இரண்டு நுனிகள் மட்டும் தட்டுப்பட்டன. எதையும் இழுக்கப் பயமாக இருந்தது. கத்தரிக்கோல் எடுத்து வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. அப்படியே வான் வண்டியில் ஏறி ஸ்ரௌவ்வில்லுக்கு ஓட்டினேன். தை மாதத்துக் குளிரில், சிவப்பு விளக்குகளில், முகம் மூடிய ஒருவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த அண்ணி ஒரு எட்டுப் பின்னுக்குப் போனார். "ஐயோ! ஆர்?"

"நான்தான் அண்ணி."

"என்ன தம்பி இது கோலம்? கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது. விழுந்து கிழுந்து போட்டீங்களோ?"

"ஓம் அண்ணி. நான்தான் விழுந்தனான்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அண்ணை குசினி மேசையில் இருந்தார். வலது கைக்குள் சிவப்புப் பந்து. நான் ஒரு கதிரையை இழுத்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதித்தது. பந்து மேசையில் உருளும் சத்தம் கேட்டது.

"ஆர் கட்டினது?" என்றார். அவருடைய குரல் அவருடையது போல இல்லை.

"நீங்கள்தான்."

"எங்கை வைச்சு?"

"ரெக்ஸ்டேலில. நான் போயிட்டு வந்திட்டன் அண்ணை. இனிக் கேக்காது."

அவர் முடிச்சைத் தடவினார். இரண்டு விரல்கள் என் பிடரியில் ஊர்ந்தன. வலது கை விரல்கள், விறைத்தவை, பலமில்லாதவை. அவை நுனியைத் தேடிப் பிடிக்க நேரம் எடுத்தன. வழுக்கி விட்டன. திரும்பவும் பிடித்தன. பிறகு மெல்ல ஒரு இழுவை. பிடரியில் இருந்து உச்சி வரைக்கும் கயிறு ஒவ்வொரு துளையாகக் கழன்று போவதை உணர்ந்தேன். காற்று முகத்தில் பட்டது.

நான் திரும்பவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இடப்பக்கத்து நுனி" என்றார் அண்ணை. "இனி நீ தெரிஞ்சு வைச்சிரு."